மூசாபெக் அத்தானுக்கு: குதிரைக்குட்டி கிடையாது

என் அக்காவைக் கட்டிய நாள் முதல் எங்கள் குடும்பத்துக்குப் பெருமையையும் தலைவலியையும் சரிபாதியாகத் தந்துவரும் மரியாதைக்குரிய மூசாபெக் அத்தான் அவர்களுக்கு, சாரிபுலாக் கிராமத்திலிருந்து உங்கள் மைத்துனன் ஓஸ்பான் தலைவணங்கி எழுதிக்கொள்வது. உங்கள் குதிரைகள் நலமா, மாடுகள் நலமா, ஆடுகள் நலமா, அதற்கப்புறம் நீங்களும் நலமா? ராவ்ஷன் அக்கா நலமா? கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் நலமா? உங்களோடு கோக்ஷெதாவுக்குக் கல்யாணத்துக்கு வந்து அங்கேயே மாட்டிக்கொண்ட என் மனைவி குலியாஷ் நலமா? அவள் கையில் மட்டும் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள், காரணம் போகப்போகத் தெரியும். இங்கே நானும், தொழுவத்தில் உள்ளவையும், நீங்கள் என் தலையில் கட்டிவிட்டுப் போன மூன்று பிள்ளைகளும் ஆண்டவன் அருளால் நலம். வீடு நலமாக இல்லை.

கைப்பேசிக் கோபுரம் காற்றில் சாய்ந்துவிட்டது. இல்லாவிட்டால் இந்தச் சந்தோஷச் செய்தியை உங்கள் காதிலேயே கத்தியிருப்பேன். பேட்டரி ரேடியோவில், நாளை எங்கள் சாலையில் பனி வாரும் வண்டி வரும் என்று சொன்னார்கள். அந்த ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் புறப்பட்டு இங்கே வந்து சேர்வதற்குள் வழியெல்லாம் முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொள்ளப் பழகிக்கொள்ளுங்கள். ஏனென்றால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் அத்தான். மண்ணைக் கவ்விவிட்டீர்கள். சாரிஜால் என்னுடையது. என்னுடைய தொழுவத்தில், என்னுடைய வைக்கோலைத் தின்றுகொண்டு, என்னுடைய குதிரைக்குட்டியாகவே நிற்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் புறப்பட்ட அன்று, பெண்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, நீங்கள் குனிந்து உங்கள் மூத்த பிள்ளை அக்போத்தாவின் காதில் ஏதோ சொன்னீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளைப் பிரிய மனமில்லாமல் கொஞ்சுகிறார், எவ்வளவு பாசமான தகப்பன் என்று எனக்குக் கண்கூடக் கலங்கியது. பாசமாம் பாசம்! அடுத்த நாள் காலையில் எழுந்து பார்த்தால் வெளியே வானமும் இல்லை, பூமியும் இல்லை, புரான் பனிப்புயல் ஊளையிடுகிறது. வீட்டு வாசலிலிருந்து தொழுவ வாசல் வரைக்கும் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போய்த் தீனி போட்டுவிட்டு வந்தேன். பள்ளிக்கூடம் கிடையாது என்று ரேடியோ சொல்லி முடித்தது, பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள், அந்தச் சத்தத்துக்கே பயந்த மாதிரி மின்சாரம் போயிற்று. தொலைக்காட்சி செத்தது. பிள்ளைகளின் விளையாட்டுக் கருவி ஒன்று சிறிது நேரம் முனகிக்கொண்டிருந்துவிட்டு அதுவும் செத்தது. அப்புறம் மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தான், ஓநாய்க்கூட்டம்கூட ஒரு மனிதனை அப்படிப் பார்த்திருக்காது.

அக்போத்தா அடுக்கி வைத்திருந்த மெத்தைகளின் உச்சியில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அப்படி நீதிபதி மாதிரி உட்கார யார் சொல்லிக்கொடுத்தது?

"மாமா, எங்களுக்கு ஆளுக்கு மூணு இருக்கு. உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

எனக்குத் தெரியாமலா? அக்காள் பிள்ளை ஆயுளில் மூன்று தடவை வாய்திறந்து எதைக் கேட்டாலும் தாய்மாமன் மறுக்கக் கூடாது. அடிக்கவும் கூடாது, அடித்தால் ஆயுசுக்கும் கை நடுங்கும். நம் முன்னோர்களில் எந்தப் புண்ணியவான் இந்த வழக்கத்தை உண்டாக்கினானோ, அவன் நிச்சயம் யாருக்கோ அக்காள் பிள்ளையாக மட்டும் இருந்திருக்கிறான், கூடப்பிறந்தவளே இல்லாதவன்.

"தெரியும்மா. என்ன வேணும், சொல்லு. பவுர்சாக் உருண்டை பொரிச்சுத் தரட்டுமா?" என்றேன் தேன் ஒழுக.

"இப்பக் கேக்க மாட்டேன்."

"அவ குட்டியக் கேக்கப்போறா!" என்று சங்ஜார் குதித்தான். ஏழு வயதாகியும் உங்கள் இரண்டாவது பிள்ளைக்கு வாயில் ஒன்றும் தங்காது, அதற்காக அவனை நான் என்றும் வாழ்த்துவேன். "சாரிஜாலக் கேக்கப்போறா! அப்பாதான் சொன்னாரு! பெரியவங்க எல்லாரும் திரும்பி வந்து சாப்பிட உக்காரும்போது சத்தமாக் கேக்கணுமாம். சாட்சி இருந்தா மாமாவால மழுப்ப முடியாதாம்! அவ மறந்துட்டா நான் கேக்கணுமாம், நானும் மறந்துட்டா துலாத்து கேக்கணுமாம்!"

அக்போத்தா மெத்தைமேலிருந்து அவன் முதுகில் ஒரு உதை விட்டாள். நான் அடுப்போரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தான், இந்த ஒரு இடத்தை மட்டும் சிரிக்காமல் எழுதுகிறேன், நீங்களும் சிரிக்காமல் படியுங்கள். அந்தக் குட்டியை ஈன்ற கையோடு தாய் செத்துப்போனது உங்களுக்குத் தெரியும். புட்டிப்பால் கொடுத்து, சமையலறையில் என் பழைய மேல்கோட்டுமேல் படுக்கவைத்து வளர்த்தேன். நான் இருமினால் அது காதைத் திருப்பும். இத்தனை வருஷமாக நவுரிஸ் பண்டிகைப் பந்தயத்தில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? பந்தய எல்லைக்கு இந்தப்பக்கம் நின்று ஜெயிக்கிறவர்களின் மேல்கோட்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மேல்கோட்டையும்தான். வருகிற பண்டிகையில் சாரிஜால் ஓடும். ஒருமுறையாவது என் கோட்டை வேறு யாராவது பிடித்துக்கொள்ளட்டும் என்று ஆசைப்பட்டேன், பிள்ளைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். நீங்களோ அது பிறந்த வாரத்திலிருந்தே வந்து வந்து அதன் காலை முழம்போட்டு அளந்துகொண்டிருக்கிறீர்கள். விலைக்குக் கேட்டீர்கள், மாற்றாக இரண்டு மாடு தருகிறேன் என்றீர்கள், நான் மாட்டேன் என்றேன். கடைசியில் பிள்ளைகளை ஏவிவிட்டீர்கள். வெட்கமாக இல்லையா என்று கேட்க மாட்டேன், அது உங்களிடம் இருந்தால்தானே.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டீர்கள். ஆளுக்கு மூன்றுதான். நாலாவது கிடையாது. நீங்கள் வருவதற்குள், இந்தப் புரான் ஓய்வதற்குள், மூன்று பேரின் பங்கையும் ஒன்றுவிடாமல் காலிசெய்துவிட்டால்? நான் எழுந்து நின்றேன். இதுவரைக்கும் பிள்ளைகளை எப்படி வீட்டுக்குள் அடக்கிவைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவன், அந்த நிமிஷத்திலிருந்து நாடு பிடிக்கப் புறப்பட்ட தளபதி ஆகிவிட்டேன்.

சங்ஜாரிடமிருந்து தொடங்கினேன், அவன்தான் மதில் தாழ்ந்த பக்கம். பெட்டியிலிருந்து என் நரித்தோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, கண்ணாடி முன்னால் நின்று, "இத மட்டும் யாருக்கும் தர மாட்டேம்ப்பா, உயிரே போனாலும் தர மாட்டேன்" என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்கிற மாதிரி ஊருக்கே கேட்கச் சொன்னேன். நான் திரும்புவதற்குள், "மாமா, அது எனக்கு வேணும், இது ஒண்ணு!" என்றான். நான் நெஞ்சில் கைவைத்து, ஐயோ என்று அலறி, கண்ணீர்விடாத குறையாகக் கொடுத்தேன். அவன் அதை மல்லாத்திப் போட்டு அதற்குள் உட்கார்ந்து நடைவழி முழுக்கச் சறுக்கினான். தொப்பி போயிற்று, போகட்டும். அதே சூட்டில், நான் பையனாக இருந்தபோது விளையாடிய ஆட்டு முட்டியெலும்புப் பையை எடுத்து வந்தேன். அடிக்கிற பெரிய எலும்பு, உள்ளே ஈயம் ஊற்றிச் சிவப்புச் சாயம் ஏற்றியது, உங்களுக்கு நினைவிருக்கும், உங்களை அதால்தான் நான் எப்போதும் தோற்கடிப்பேன். நடைவழியில் எலும்புகளை வரிசையாக நிறுத்தி, ஒரே வீச்சில் கோடியிலிருந்ததைப் பறக்கவிட்டேன். அது பறந்துபோய்க் குலியாஷின் கண்ணாடி அலமாரிக்குள் புகுந்து அவளுடைய தேநீர்க் குடுவையின் மூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் பொத்திக்கொண்டேன். ஆனால் சங்ஜாருக்குக் கண் முழுக்க அந்தச் சிவப்பு எலும்புதான். இரண்டு முடிந்தது. அவனுடைய மூன்றாவது என்ன என்று கேட்காதீர்கள். குலியாஷ் ஒளித்துவைத்திருந்த ஜாம் ஜாடிகளுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

துலாத் விஷயம்தான் எதிர்பாராத விஷயம். நாலு வயதுப் பிள்ளை, ஒரு மிட்டாயைக் காட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். மிட்டாயைக் காட்டினேன், வாங்கித் தின்றான், கேட்கவே இல்லையே, நீங்களாகத்தானே கொடுத்தீர்கள் என்பதுபோல் பார்த்தான். அப்புறம் என்னை ஒட்டகமாகச் சொன்னான். இது கணக்கில் சேருமா என்று அக்போத்தாவைப் பார்த்தேன். "வாயத் திறந்து கேட்டா சேரும்" என்று மேலே உட்கார்ந்தபடியே தீர்ப்பு சொன்னாள். முழங்காலில் நடந்தேன். ஒட்டகம் துப்ப வேண்டும் என்றான், துப்பினேன். ஒட்டகம் அடுப்பைச் சுற்றிவிட்டு மறுபடியும் சுற்ற வேண்டும் என்றான், சுற்றினேன். எல்லாம் ஒரே ஒட்டகம் என்பதால் மொத்தம் ஒன்றுதானாம். ஒட்டகத்தின் இடுப்பு பிடித்துக்கொண்டு இன்றுவரை நிமிரவில்லை.

மத்தியானம் தொழுவத்துக்குப் போனபோது ஒரு ஆடு முன்கூட்டியே ஈன்றிருந்தது. குட்டி விறைத்துப்போகும் என்று கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்போரம் விட்டேன். துலாத் அதைப் பார்த்தான். பிறகு வாசலுக்கு எதிரே மேல்பக்கம் பெரிய விருந்தாளிக்கென்று விரித்திருக்கிற மெத்தையைப் பார்த்தான். நீங்கள் வந்தால் உட்காருவீர்களே, அதே இடம். "இவருதான் விருந்தாளி. அங்க உக்காரட்டும்" என்றான். இது இரண்டு, வழக்கம் வழக்கம்தானே, உட்காரவைத்தேன். விருந்தாளி நடந்துகொண்ட விதத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மெத்தையுறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், நீங்கள் வருவதற்குள் காயாது, வேறு பக்கம் உட்காருங்கள்.

மூன்றாவதாக, என் மடியில் வந்து உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவன், "இது எனக்கு வேணும்" என்றான்.

"எதுடா செல்லம்?"

"இது."

நான் சிரித்தேன். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. "கேட்டுட்டான் மாமா" என்றாள் அக்போத்தா மெதுவாக. அவள் குரலில் பரிதாபம்கூட இருந்தது.

அத்தான், அந்த மீசை நான் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது வளர்க்கத் தொடங்கியது. குலியாஷ் என்னைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தான் என்று சண்டையின்போது சொல்லிக்காட்டுவாள். மறுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறுத்தால் வழக்கம் முறியும், நாளைக்குக் குட்டி விஷயத்தில் நான் எந்த வாயை வைத்துக்கொண்டு 'மூன்று முடிந்துவிட்டது' என்று வழக்கம் பேசுவேன்? சாரிஜாலை நினைத்துக்கொண்டேன். வெந்நீர் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வழித்து எடுத்துத் தீப்பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தேன். அவன் அதைக் கொண்டுபோய் மாவுப்பசை தடவி ஆட்டுக்குட்டிக்கு ஒட்டினான். மீசையும் அதுவுமாக அந்தக் குட்டி மேல்பக்கத்து மெத்தையில் சாய்ந்திருந்ததைப் பார்த்ததும் நீங்கள்தான் புயலோடு புயலாக வந்துவிட்டீர்களோ என்று எழுந்து நிற்கப்போய்விட்டேன்.

ஆக, தம்பிகள் இருவரும் காலி. மிச்சம் அக்போத்தா. அவள் தன் மூன்றையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொம்மை வேண்டுமா? வேண்டாம். தேன் வேண்டுமா? வேண்டாம். என் தலையில் ஏறி உட்கார வேண்டுமா? "நானென்ன சின்னப் பிள்ளையா மாமா?" என்கிறாள். இப்படி ஒரு பெண்ணைப் பெற்றதற்கு உங்களைப் பாராட்டுவதா திட்டுவதா என்று புரியவில்லை.

கதையில்தான் விழுந்தாள். அடுப்பைச் சுற்றி எல்லாரையும் உட்காரவைத்து, புயலில் தொலைந்துபோன ஒட்டகத்தைத் தேடிப்போன ஒருவனின் கதையை எடுத்துவிட்டேன். அவன் போகிறான், போகிறான், பனிக்கு நடுவே ஒரு வெளிச்சம் தெரிகிறது, வெளிச்சத்தில் ஒரு கதவு மட்டும் நிற்கிறது, சுவர் இல்லை, வீடு இல்லை, கதவு மட்டும். அவன் கைப்பிடியைத் தொடுகிறான், உள்ளேயிருந்து யாரோ அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் கொட்டாவி விட்டேன். "எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. மீதி அடுத்த வருஷம்" என்றேன். சங்ஜார் கெஞ்சினான், துலாத் என்னைக் கடித்தான், அவர்களுக்குத்தான் பாக்கி இல்லையே. அக்போத்தா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, ஒண்ணு போகட்டும். சொல்லுங்க!" என்று வெடித்தாள். உள்ளுக்குள் நான் ஆடிய ஆட்டம் எனக்குத்தான் தெரியும். சொன்னேன். சொல்லிவிட்டு அதே வேகத்தில் இன்னொரு கதையை இழுத்துக் கிணற்று விளிம்பில் நிறுத்தினேன். இந்தத் தடவை அவள் அசையவில்லை. "மிச்சத்த நானே சொல்றேன்டா" என்று தம்பிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கிணற்றுக்குள் அந்த ஒட்டகமே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது, 'ஏம்ப்பா இவ்வளவு நேரம்?' என்று கேட்டது என்று முடித்தாள். என் முடிவைவிட அதுதான் நன்றாக இருந்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்று வாய்தவறி நானே கேட்டுவிட்டேன்.

இரண்டாவது, கல்யாண விளையாட்டில் போயிற்று. நீங்கள் போன கல்யாணத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று பிள்ளைகளுக்கு ஏக்கம். இங்கேயே நடத்திவிடுவோம் என்றேன். மணப்பெண் யார் என்ற கேள்விக்கு மூன்று விரல்கள் என் பக்கம் நீண்டன, மீசை இல்லாதவன் என்ன மறுப்புச் சொல்வது? மணப்பெண் என்றால் உயரத் தொப்பி வேண்டும், அது குலியாஷின் பெட்டியில் பூட்டியிருக்கிறது, அவள் கல்யாணத்தில் வைத்தது, வெள்ளிக் குண்டுமணி கோத்தது. "அதத் தொட்டா உங்கத்த என்னக் கொன்னுபோட்ருவா" என்று நான் நிஜமாகவே நடுங்கிச் சொன்னேன். இது நடிப்பில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் அவளுக்கு அது தேவைப்பட்டது. "ரெண்டு!" என்றாள். தொப்பியை வைத்து, முகத்துக்குச் சால்வை போட்டு என்னை நடுவில் நிறுத்தினார்கள். சங்ஜார் கரண்டியைத் தம்புராவாக மீட்டிக்கொண்டு முகம் திறக்கிற பாட்டைப் பாடினான். "பொண்ணு முகத்தப் பாருங்கோ, மீச இருந்த எடத்தப் பாருங்கோ, மாமனாருக்குக் கும்பிடு!" மாமனார் ஸ்தானத்தில் ஆட்டுக்குட்டி. நான் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சாகென் பெரியவர் வேலியைப் பிடித்துக்கொண்டே வந்து, தீப்பெட்டி கேட்கக் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். தீப்பெட்டி வாங்காமலே போய்விட்டார்.

இன்று காலையில் காற்று குறைந்தது. வண்டி நாளை வருகிறது என்று ரேடியோ சொன்னது. அக்போத்தாவிடம் இன்னும் ஒன்று இருக்கிறது. ஒன்று போதுமே அத்தான், குட்டி ஒன்றுதானே. பொம்மலாட்டம் காட்டினேன். தலைகீழாக நின்றேன். அவள் கொட்டாவி விட்டுவிட்டு, "நாளைக்கு அப்பா வந்துருவாரு" என்றாள். அந்தச் சொல் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தோற்றுவிட்டேன் என்றே முடிவு செய்து, தொழுவத்துக்குப் போய் சாரிஜாலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று எழுதினால் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள், அதனால் எழுதவில்லை.

திரும்பி வந்தால் நடைவழியில் முட்டியெலும்பு ஆட்டம் மும்முரமாக நடக்கிறது. சங்ஜார் என் சிவப்பு எலும்பை வைத்துக்கொண்டு அக்காளை வாங்கு வாங்கென்று வாங்குகிறான். அவள் பக்கத்து எலும்பெல்லாம் அவன் தொப்பிக்குள். "இன்னொண்ணு போச்சு! அக்காவுக்கு எறியவே தெரியல, துலாத்து உன்னவிட நல்லா எறிவான்! போய் மெத்தமேல உக்காந்து முட்ட போடு!" என்று அவன் இடுப்பை ஆட்டி ஒரு ஆட்டம் ஆடினான். அக்போத்தாவின் காது சிவந்ததைப் பார்த்தேன். மூக்கு விடைத்ததைப் பார்த்தேன். நான் சுவரில் சாய்ந்து, தூசி பார்க்கிறவன் மாதிரி நின்றேன். அவன் இன்னொரு தடவை அடித்தான், இன்னொரு தடவை ஆடினான், கோழி மாதிரி கொக்கரித்தான்.

"மாமா!" என்று அவள் கத்தினாள். "இனிமே நீங்க என் பக்கம் ஆடணும்! இவன ஒரு எலும்பு இல்லாம மொட்டையடிக்கணும்! இது மூணு!"

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். அத்தான், என் ஆயுளில் அப்படி எறிந்ததில்லை. ஈயம் ஊற்றாத சாதாரண எலும்பால், அறையின் கோடியிலிருந்து, ஒன்று தப்பாமல் அடித்தேன். அக்போத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள், துலாத் காரணம் தெரியாமலே குதித்தான், சங்ஜார் தொப்பியைக் கவிழ்த்துக் கடைசி எலும்பையும் கொடுத்துவிட்டு, "மாமா பெரிய ஆளு" என்று ஒப்புக்கொண்டான். எல்லாம் முடிந்து அவள் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "ஐயையோ" என்றாள்.

ஐயையோதான்! மூன்று முடிந்தது, மூன்று பேருக்கும் முடிந்தது. நான் கயிற்றைக்கூடப் பிடிக்காமல் தொழுவத்துக்கு ஓடி சாரிஜாலிடம் சொன்னேன், மாடுகளிடம் சொன்னேன். நாளைக்கு நீங்கள் எத்தனை பெரியவர்களை வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள், எத்தனை சாட்சி வேண்டுமானாலும் வையுங்கள். கறி வேகவைத்து வைக்கிறேன், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போங்கள். பிள்ளைகளை ஒரு நாள்கூட வைத்துச் சமாளிக்கத் தெரியாதவன் என்று என்னைச் சொன்னீர்களே, ஒரு அறை வாங்காமல், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், தொலைக்காட்சி இல்லாமல், உங்கள் பிள்ளைகள் இரண்டு நாளும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் உடையாமல் இருப்பது அடுப்பு ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

உங்கள் மந்தை பெருகட்டும், உங்கள் பாதையில் பனி விலகட்டும், உங்கள் பேராசை கொஞ்சம் குறையட்டும் என்று ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். அக்காவுக்கு என் அன்பு. குலியாஷிடம், நான் கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிவேன், முகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

வெற்றிபெற்ற உங்கள் மைத்துனன்,
ஓஸ்பான்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடப்போகும்போது துலாத் வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, என்னோட மூணும் முடிஞ்சுபோச்சா?"

"முடிஞ்சுபோச்சுடா ராஜா, சுத்தமா முடிஞ்சுபோச்சு!" என்றேன் குஷியாக.

அவன் உதடு பிதுங்கியது. "அப்போ இனிமே நீங்க எனக்கு மாமா இல்லையா?"

அத்தான், மூன்று முடிந்தால் மாமனும் முடிந்துவிடுவான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறான். காலையிலிருந்து அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். கண்ணில் நீர் முட்டி நிற்கிறது, ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நிற்கிறான். அவனைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வீடு அதிர, மூன்று பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன்: "யாருடா சொன்னது? நடந்ததெல்லாம் வெறும் விளையாட்டு! ஒண்ணுகூடக் கணக்குல இல்ல! உன்னோட மூணும் அப்படியே இருக்கு, அண்ணனோடது அப்படியே இருக்கு, அக்காவோடது அப்படியே இருக்கு! உசிரு இருக்கிறவரைக்கும் நான் உனக்கு மாமன்தான்டா!"

துலாத் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

அக்போத்தா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ சாரிஜால் எனக்கு" என்றாள். "எனக்குத்தான், அப்பாவுக்கு இல்ல. பந்தயத்துல நாந்தான் ஏறி ஓட்டுவேன். இது ஒண்ணு."

நான் துலாத்தை இறக்கிவிடாமல் நின்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அத்தான், அவன் இன்னும் என் கழுத்தை விட்டபாடில்லை. "சரி" என்றேன்.

"குட்டி இங்கயே இருக்கட்டும். அத நீங்களேதான் வளக்கணும். நான் ஓட்டும்போது என் கோட்ட அப்பா பிடிச்சுக்கணும், உங்க கோட்டையும் அவரே பிடிச்சுக்கணும். இது ரெண்டு."

"மூணாவது?" என்றேன்.

"அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.